உடம்பில் கோடிக்கணக்கில் வெள்ளை அணு இருக்க, எச்ஐவி எப்படி ஜெயிக்கிறது?

கேள்வி: பெருந்துறை வாசகர், 2 ஆகஸ்ட் 2025

கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்துக்காக (எய்ட்ஸ் விழிப்புணர்வு மாணவர் அமைப்பு) பேசினேன். எச்ஐவி வெள்ளை அணுக்களை அழித்துவிடும் என்றதும் ஒரு பையன் எழுந்து, "வெள்ளை அணு கோடிக்கணக்கில் இருக்குதுங்க, தினமும் புதுசா உண்டாகுது, அப்புறம் எப்படிங்க தீரும்?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவனே இன்னொன்றும் கேட்டான். மாத்திரை கிருமியை அடக்குகிறது என்றால் சில வருடம் சாப்பிட்டு நிறுத்தினால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

அந்தப் பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். பாடப்புத்தகம் "வெள்ளை அணுக்களை அழிக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால் வந்த சந்தேகம் இது.

எச்ஐவி எல்லா வெள்ளை அணுவையும் தொடுவதில்லை. இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை. அவற்றை இந்த வைரஸ் சீந்துவதே இல்லை. சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் வைத்திருக்கும் செல்தான் அதற்கு வேண்டும். முக்கியமாக உதவி டி செல்கள். அடுத்தபடியாகக் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ். நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் மொத்த வெள்ளை அணு 4000 முதல் 11000 வரை இருக்கும். சிடி4 செல் மட்டும் எண்ணினால் 500 முதல் 1500. கோடிக்கணக்கு என்று அவன் நினைத்ததில் ஒரு சிறு பங்குதான் இலக்கு.

நாமக்கல் பக்கம் ஓர் ஆய்வகத்தில் சிடி4 எண்ணும் வேலையைப் பல வருடம் பார்த்தவள் நான். மருத்துவர் அல்ல. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீளும்.

2 ஆகஸ்ட் 2025, இரவு 11.05

தூக்கம் வரவில்லை, இதையும் சேர்த்துவிடுகிறேன். அந்தச் சிறு பங்கு போனால் ஏன் மொத்தமும் படுத்துவிடுகிறது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

உதவி டி செல் தன் கையால் பெரும்பாலும் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. உள்ளே வந்தது என்ன என்று அடையாளம் கண்டு, மற்ற செல்களை வேலைக்கு எழுப்புவது அதன் வேலை. பி செல் நல்ல எதிர்ப்பொருள் செய்ய அதன் தூண்டுதல் வேண்டும். தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 செல் நீடித்து வேலை செய்யவும் அது வேண்டும். காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ், விழுங்கியதைச் செரிக்கவும் உதவி டி செல் அனுப்பும் சமிக்ஞை வேண்டும். சமிக்ஞை வராவிட்டால் கிருமி அந்த மேக்ரோபேஜுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். நம் ஊரில் எச்ஐவி உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான், காரணம் இதுதான்.

3 ஆகஸ்ட் 2025, காலை 6.30

இன்று ஆடி 18. பவானிக்குக் கிளம்பும் முன் எழுதிவிடுகிறேன். "புரியும்படி ஓர் உதாரணம் கொடுங்க அக்கா" என்று ராசிபுரத்துத் தம்பி கேட்டிருக்கிறார். படை, தளபதி, கோட்டை என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது: கம்போரோ.

கோழிப்பண்ணை வைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் லேயர் (முட்டைக்கோழி) பண்ணை இருந்தது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962-ல் அமெரிக்காவில் கம்போரோ என்ற ஊரில் முதலில் பதிவான நோய், அதனால் அந்தப் பெயர். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும். எச்சத்துவாரத்துக்கு மேலே பர்சா என்று ஒரு சிறு பை இருக்கும். எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் கோழிக்கு அங்கேதான் முதிர்கின்றன. வைரஸ் அந்தச் செல்களையே தாக்கும். குஞ்சு அப்போதே சாகலாம், பிழைக்கவும் செய்யலாம். பிழைத்ததுதான் பெரிய சங்கடம். அதற்குப் பிறகு வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி கொடுத்தால் சரியாகப் பிடிக்காது. செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் வேறு ஏதோ கிருமிதான் தெரியும். வேர் இங்கே இருக்கும்.

எச்ஐவியும் அப்படித்தான் இறப்புச் சான்றிதழில் பெயர் வராமல் கொல்லும். 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளியான, இந்த நோய் பற்றிய முதல் அறிக்கையில் இருந்தது லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஓர் அபூர்வ நிமோனியா மட்டுமே. அந்த நிமோனியாவின் கிருமி நம்மில் பலரின் நுரையீரலுக்குள் வந்து போகிற ஒன்று. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவரை ஒன்றும் செய்வதில்லை.

3 ஆகஸ்ட் 2025, மாலை 7.15

இல்லைங்க, கோழியிலிருந்து மனிதருக்குக் கம்போரோ வராது. எச்ஐவியும் கோழிக்கு வராது. தயவுசெய்து இதை யாரும் துண்டாக வெட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். முட்டை வியாபாரம் ஒரு வதந்திக்கு எப்படிச் சரியும் என்று நாமக்கல்லில் எல்லாருக்கும் தெரியும்.

4 ஆகஸ்ட் 2025, இரவு 10.10

நேற்று காலையில் எழுதிய உதாரணத்தோடு நிறுத்தினால் பாதிதான். கம்போரோ சில நாளில் முடிந்துவிடும், ஒன்று கோழி இருக்கும், அல்லது போகும். எச்ஐவி முடிவதே இல்லை. காரணம் அது ரெட்ரோவைரஸ், அதாவது தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதி நம் செல்லில் செருகிவிடும் வகை. அந்த வகை வைரஸைப் பற்றி உலகம் முதலில் கற்றதும் கோழியிடம்தான். 1911-ல் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் கட்டியிலிருந்து ஒரு வைரஸைக் கண்டார். 1970-ல் ஹோவர்ட் டெமின் அதே ரவுஸ் வைரஸை வைத்து, ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதி இருக்கிறது என்று காட்டினார். டேவிட் பால்டிமோரும் அதே சமயம் தனியாகக் காட்டினார். எச்ஐவிக்கு இன்று நாம் கொடுக்கும் மருந்துகளில் பாதிக்கு அந்த நொதிதான் குறி.

சரி, உள்ளே போவது எப்படி?

வைரஸின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மரபுச் செய்தி சுமார் 9700 எழுத்து, மொத்தம் ஒன்பது மரபணு. நம்முடையது 300 கோடி எழுத்து. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபி120 என்ற புரதம் சிடி4-ஐப் பிடிக்கிறது. பிடித்தவுடன் உருவம் மாறி, செல்லின் மேல் இருக்கும் இன்னொரு புரதத்தைத் தேடுகிறது. பெரும்பாலும் சிசிஆர்5, சில வைரஸுக்கு சிஎக்ஸ்சிஆர்4. சிடி4 போதாது, இரண்டாவதும் வேண்டும் என்பது 1996-ல்தான் தெளிவானது. இரண்டும் கிடைத்ததும் ஜிபி41 என்ற புரதம் வெளியே வந்து செல்லின் சவ்வில் பாய்ந்து, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்கிவிடுகிறது. உள்ளே இருந்த கூம்பு வடிவக் கூடு செல்லுக்குள் இறங்குகிறது.

அந்தக் கூடு உள்ளே இறங்கியதும் உடைந்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அப்படி இல்லை. அது ஏறக்குறைய முழுதாகவே உட்கருவின் துளை வழியாகப் போகிறது என்று 2020 வாக்கில் படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். ஆர்என்ஏ டிஎன்ஏவாக எழுதப்படுவதும் அந்தக் கூட்டுக்குள்தான் நடக்கிறது, உட்கருவுக்குள் போன பிறகுதான் முடிகிறது. அப்புறம் இன்டக்ரேஸ் என்ற நொதி அந்த டிஎன்ஏவை நம் குரோமோசோமிலேயே செருகிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அது அந்தச் செல்லின் மரபணு. செல் இருக்கும்வரை இருக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் இருக்கும்.

5 ஆகஸ்ட் 2025, காலை 5.50

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பதைப்பைத் தருவது அதுதான்.

ஓய்வில் இருக்கும் டி செல்லில் எச்ஐவி நன்றாகப் பெருகாது. டிஎன்ஏ எழுதத் தேவையான சரக்கு அந்தச் செல்லில் குறைவு. விழித்தெழுந்த செல்லில்தான் பெருகும். ஒரு டி செல் கிருமியைக் கண்டு விழிக்கும்போது அதற்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், செல்லுக்குத் தேவையான மரபணுக்களை இயக்கும். எச்ஐவியின் டிஎன்ஏ தொடக்கத்தில் அதே புரதம் வந்து உட்கார இடம் வைத்திருக்கிறது. நம் உடம்பு நோயை எதிர்க்கக் கொடுக்கும் அதே உத்தரவில் வைரஸும் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. உடம்பு எவ்வளவு தீவிரமாக எதிர்க்கிறதோ அவ்வளவு இடம் அதற்குக் கிடைக்கிறது. காசநோய் வந்தவருக்கு வைரஸ் அளவு ஏறுவதும் இதனால்தான்.

பெருந்துறைக்காரரே, அந்தப் பையனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். வைரஸுக்கு வேண்டியது வேலை செய்கிற செல்.

5 ஆகஸ்ட் 2025, இரவு 9.00

"அப்படியே இருந்தாலும் தினமும் புதிது உண்டாகிறதே" என்று மறுபடி அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். நியாயம்தான்.

உண்டாகிறது, உண்மை. மருந்து எடுக்காதவர் உடம்பில் ஒரு நாளில் பிறக்கும் வைரஸ் ஆயிரம் கோடி அளவுக்கு இருக்கலாம் என்று 1996-ல் கணக்கிட்டார்கள். வைரஸை உற்பத்தி செய்யத் தொடங்கிய செல் ஓரிரு நாளில் செத்துப்போகிறது. உடம்பு ஈடுகட்டுகிறது. வருடக்கணக்கில் ஈடுகட்டுகிறது. அதனால்தான் மருந்து இல்லாமலும் பலர் எட்டு, பத்து வருடம் வெளியே ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறார்கள்.

ஆனால் சாவது தொற்றிய செல் மட்டும் அல்ல. வைரஸ் உள்ளே நுழைந்து, டிஎன்ஏ எழுத ஆரம்பித்து, பாதியில் நின்றுபோன செல்கள் ஏராளம். அரைகுறையாக எழுதப்பட்ட அந்தத் துண்டை செல்லுக்குள்ளேயே இருக்கும், அந்நிய டிஎன்ஏவை உணரும் ஒரு புரதம் கண்டுபிடித்து, செல்லை வெடித்துச் சாகச் செய்கிறது. அந்த வெடிப்பு சுற்றிலும் அழற்சியை உண்டாக்க, அழற்சியைக் கேட்டு இன்னும் டி செல்கள் அங்கே வருகின்றன. வந்தவையும் மாட்டுகின்றன. நிணநீர்த் திசுவில் சாகும் சிடி4 செல்களில் பெரும்பகுதி இப்படிப் போனவை என்று 2014-ல் வந்த ஆய்வுகள் காட்டின. வைரஸ் ஒரு பங்கு கொல்கிறது, நம் உடம்பின் எதிர்வினை பல பங்கு கொல்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மங்கபே என்று ஒரு குரங்கு. எச்ஐவியின் உறவுக்கார வைரஸ் அதன் இரத்தத்தில் ஏராளமாக இருக்கும். ஆனாலும் அதற்குப் பொதுவாக எய்ட்ஸ் வருவதில்லை. தொற்றிய சில வாரத்தில் அதன் உடம்பு கொந்தளிப்பை அடக்கிக்கொள்கிறது. நம் உடம்புக்கு அது முடிவதில்லை.

5 ஆகஸ்ட் 2025, இரவு 9.25

குடலைப் பற்றிச் சொல்லாமல் மேலே உள்ளதை முடிக்கக் கூடாது. இரத்தத்தில் ஓடுவது உடம்பின் மொத்த லிம்போசைட்டில் (டி செல், பி செல் அடங்கிய வெள்ளை அணு வகை) சுமார் 2 சதவீதம்தான். மீதி நிணநீர்க் கணு, மண்ணீரல், குடல் சுவர். சிசிஆர்5 வைத்திருக்கும் விழித்த நினைவுச் செல்கள் (முன்பே கிருமியைக் கண்ட டி செல்கள்) குடல் சுவரில் மிக அதிகம். தொற்றிய முதல் சில வாரத்திலேயே, ஆள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அங்கிருக்கும் சிடி4 செல்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. குடல் சுவர் பலவீனமாகி, குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாத் துகள்கள் இரத்தத்துக்குள் கசிகின்றன. கசிவதைப் பார்த்து உடம்பு ஓயாமல் விழித்திருக்கிறது. விழித்திருந்தால் என்ன ஆகும் என்பது மேலே காலையில் எழுதியதில் இருக்கிறது.

நான் வருடக்கணக்கில் குழாய் குழாயாக எண்ணியது அந்த 2 சதவீதத்தைத்தான். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த எண்ணை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

7 ஆகஸ்ட் 2025, இரவு 10.45

"சொந்தத்தில் யாருக்காவது இருந்தால் இப்படி எழுதுவீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்தது, இருக்கிறது.

என் பெரியப்பா மகன் நாமக்கல்லில் லாரி ஓட்டினார். 1990-களின் கடைசியில் போய்ச் சேர்ந்தார். வாயெல்லாம் வெள்ளைப்படலம், விடாத வயிற்றுப்போக்கு, பிறகு காசநோய். மூன்று மருந்து சேர்த்துக் கொடுத்தால் ஆள் எழுந்து உட்காருவார் என்று 1996-லேயே உலகத்துக்குத் தெரியும். அதன் விலை எங்களுக்கு எட்டாத விலை. 2001-ல் சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனம் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்ததும், இந்திய அரசு 2004 ஏப்ரல் 1-ல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் அவருக்குப் பிறகு நடந்தவை. கடைசி மாதங்களில் அவருக்கு வட்டில், டம்ளர் எல்லாம் தனி. குளிப்பாட்ட வேண்டிய நாளில் பங்காளிகள் வாசலோடு நின்றுவிட்டார்கள். பெரியம்மாவும் நானும் செய்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அவர் மனைவி, எங்கள் நங்கை, இன்றும் இருக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். அவருக்கும் தொற்று இருந்தது. இலவச மருந்து வந்ததும் எடுக்க ஆரம்பித்தார். அன்றைய கலவையில் ஸ்டாவுடின் என்று ஒரு மருந்து. அது கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். கன்னம் ஒட்டியவரைப் பார்த்தாலே "அந்த நோய்" என்று ஊர் முடிவு கட்டும். வைரஸ் அந்த முகத்தைக் கொடுக்கவில்லை, மருந்து கொடுத்தது. அந்த மருந்தைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அறிவுறுத்தியது. இப்போது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளைக்கு ஒன்று. நங்கைக்கு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. பேத்திக்குத் தலை வாரிவிடுகிறார், ஆட்டுக்குத் தழை ஒடித்துப்போடுகிறார்.

8 ஆகஸ்ட் 2025, காலை 6.10

நேற்று அதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியது சரிதான். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்ததிலிருந்து, தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சங்கடத்தைத் தாண்டித்தான் பேசியிருக்கிறார்கள். நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யா பெரியசாமி தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லி, 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பையே தொடங்கினார். அவர்கள் பட்டதில் நூற்றில் ஒரு பங்கு நான் படவில்லை.

8 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

இரண்டாவது கேள்வி. நிறுத்தினால் என்ன?

டி செல்களில் சில, வேலை முடிந்ததும் நினைவுச் செல்லாக மாறி ஓய்வுக்குப் போகும். சின்ன வயதில் வந்த அம்மையை உடம்பு ஆயுளுக்கும் நினைவு வைத்திருப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. வைரஸ் செருகப்பட்ட செல் ஒன்று சாகாமல் அப்படி ஓய்வுக்குப் போய்விட்டால், உள்ளே வைரஸின் மரபணு பேச்சுமூச்சில்லாமல் இருக்கும். எந்தப் புரதமும் செய்யாது, அதனால் உடம்புக்குத் தெரியாது. மருந்துகள் தடுப்பது வைரஸின் நடவடிக்கைகளை. நடவடிக்கையே இல்லாத இடத்தில் மருந்துக்கு வேலை இல்லை.

ஓய்விலிருக்கும் சிடி4 செல்களில் பத்து லட்சத்தில் ஒன்று அளவில்தான் மறுபடி எழக்கூடிய வைரஸ் இருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டம் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. அந்த வேகத்தில் முழுதும் தீர 70 வருடத்துக்கு மேல் வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஒரு ஆயுள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் வைரஸ் திரும்பிவிடுகிறது. மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்கு மருந்து நின்ற பிறகு 27 மாதம் ஒன்றும் தெரியவில்லை. குணமானதாகவே உலகம் நம்பியது. 2014-ல் திரும்ப வந்துவிட்டது.

நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் என்ன என்பதையும் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வு, 5472 பேர், முடிவு 2006-ல் வந்தது. சிடி4 350-க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி 250-க்குக் கீழே வந்தால் தொடங்கியவர்களுக்கு, விடாமல் எடுத்தவர்களைவிட நோயும் சாவும் இரண்டு மடங்குக்கு மேல். நடுவிலேயே அந்த முறையைக் கைவிட்டார்கள். இதய, சிறுநீரக, கல்லீரல் கோளாறுகளும் நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம். ஓயாத அழற்சி என்று மேலே சொன்னேனே, அது டி செல்லோடு நிற்பதில்லை.

9 ஆகஸ்ட் 2025, மதியம் 1.20

கொசு: பரப்பாது. கொசுவின் செல்லில் வைரஸ் பற்றிக்கொள்ள சிடி4 இல்லை. குடித்த இரத்தத்தோடு செரித்துப்போகும். ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, முத்தம், கைகுலுக்கல்: பரவாது. திரும்பத் திரும்பக் கேட்டாலும் இதே பதில்தான், கேளுங்கள்.

9 ஆகஸ்ட் 2025, இரவு 8.50

சிடி4 எண்ணை மார்க் மாதிரி பார்க்கிறவர்களுக்காக, ஆய்வகத்தில் உட்கார்ந்தவள் என்ற முறையில். காலையில் எடுத்த இரத்தத்தில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கும். சளி பிடித்தால் மாறும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எண்ணிக்கையே அளவுகோல் அல்ல, சதவீதம்தான் பார்ப்போம். ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் எண்ணிக்கை கெடும், நாளாகிவிட்டாலும் கெடும். 640 இருந்தது 560 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் இல்லை. தொடர்ந்து எந்தப் பக்கம் போகிறது என்பதற்குத்தான் அர்த்தம். மருந்து வேலை செய்கிறதா என்று காட்டுவது வைரஸ் அளவுப் பரிசோதனை.

இதே எண்தான் ஒரு காலத்தில் மருந்துக்கு வாசல். 2004-ல் 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. பிறகு 350. என் கையால் 212 என்று எழுதிக் கொடுத்து, "இன்னும் குறையட்டும்" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைய விதி அது. 2015-ல் ஸ்டார்ட் ஆய்வு, 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கினால் கடுமையான நோய்கள் பாதிக்கு மேல் குறைகின்றன என்று காட்டியது. 2017-லிருந்து இந்தியாவில் தொற்று உறுதியானாலே, எண் எதுவாக இருந்தாலும், மருந்து. குடல் சுவரில் முதல் வாரங்களில் நடப்பதைத் தெரிந்த பிறகு வேறு எந்த விதியும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

11 ஆகஸ்ட் 2025, இரவு 10.00

தாராபுரம் வாசகருக்கு. எதிர்ப்பொருள் உண்டாகிறதே, பிறகு ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல இடம். தொற்றினால் எதிர்ப்பொருள் கட்டாயம் வரும், பரிசோதனையே அதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. ஆனால் ஜிபி120-ன் மேற்பரப்பு முழுக்க நம் செல்லே ஒட்டிய சர்க்கரை. எதிர்ப்பொருளுக்குப் பிடி கிடைப்பதில்லை. பிடி கிடைத்து ஒரு நல்ல எதிர்ப்பொருள் வருவதற்குள் வைரஸ் மாறிவிடுகிறது. டிஎன்ஏ எழுதும் அந்த நொதிக்குப் பிழை திருத்தும் வழக்கம் இல்லை. நாளைக்கு ஆயிரம் கோடி பிரதி, பிரதிக்குப் பிரதி பிழை. ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பும் பிரதி ஏற்கனவே அங்கே இருக்கும். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தப்பும் பிரதி இருப்பது மிக மிக அரிது. மூன்று மருந்து என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

நாட்டு மருந்தில் குணமாகும் என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றி எழுதச் சொன்னவருக்கும் இதிலேயே பதில். குரோமோசோமில் செருகியதை எந்த லேகியமும் பிடுங்கி எடுக்காது. இதுவரை குணமானவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். அவர்களில் முதலாமவர் திமோத்தி ரே பிரவுன். இரத்தப் புற்றுநோய்க்காக, சிசிஆர்5 இல்லாத ஒருவரின் எலும்பு மஜ்ஜை செல்லை பெர்லினில் மாற்றி வைத்தார்கள். புதிதாக உண்டான டி செல்லில் வைரஸுக்கு நுழைவழி இல்லை. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது. புற்றுநோய் இல்லாதவருக்குச் செய்யக்கூடியது அல்ல. பசியைத் தூண்டவோ உடம்பு தேறவோ சித்த மருந்து எடுப்பதானால் ஏஆர்டி (எச்ஐவி கூட்டு மருந்து) மையத்து மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஏஆர்டி மருந்தை விட்டு நாட்டு மருந்துக்குப் போய், திரும்பி வந்தபோது சிடி4 40 என்று எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

12 ஆகஸ்ட் 2025, காலை 6.40

தொற்று வராமல் தடுக்கும் ஊசி பற்றிக் கேட்டவருக்கு: அதன் பெயர் லெனகாபவிர். நான்காம் தேதி எழுதிய அந்தக் கூம்புக் கூட்டைத்தான் அது குறிவைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் ஊசி போட்ட 2134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தொற்று வராமல் தடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்திருக்கிறது. மலிவாகச் செய்ய உரிமம் பெற்ற ஆறு நிறுவனங்களில் இந்திய நிறுவனங்களும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் நம் அரசு மருத்துவமனைக்கு வருகிறதோ அவ்வளவு நல்லது. 1996-க்கும் 2004-க்கும் நடுவில் நாம் காத்திருந்த மாதிரி இன்னொரு முறை காத்திருக்கக் கூடாது.

12 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

தொற்றோடு கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் கோபிசெட்டிபாளையத்து நண்பருக்கு. மருந்து ஒழுங்காக எடுத்து, வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழே நிலையாக இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. 2016, 2019-ல் வந்த பார்ட்னர் ஆய்வுகளில், அந்த நிலையில் இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. வைரஸ் அந்த ஓய்வுச் செல்களுக்குள் இருக்கும், வெளியே வருவதில்லை. சொல்லிவிட்டுக் கட்டுங்கள், மறைத்துக் கட்டாதீர்கள். பிள்ளை பெறுவதும் நடக்கும், மகப்பேறுக்கு முன்பே மையத்தில் பேசுங்கள். உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் வெளியே சொல்வதை 2017 எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது.

14 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் (ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி) போகும் தம்பி தனிச்செய்தியில் கேட்டதைப் பெயரில்லாமல் இங்கே பதிலாகப் போடுகிறேன், பலருக்கு உதவும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஏஆர்டி மையத்தில் சொல்லுங்கள். நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்து சேர்த்துத் தருவார்கள். அதற்கு மேலும் அங்கேயே இருக்கும்படி ஆனால் அந்த ஊர் மையத்தில் வாங்க வழி செய்து தருவார்கள், மருந்துப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். பரிசோதனை செய்துகொள்ள நினைப்பவர் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம், 1097-ல் கூப்பிட்டும் கேட்கலாம், இரண்டும் இலவசம். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு.

வண்டியில் எல்லாரும் நெஞ்செரிச்சலுக்கு ஜெல்லுசில் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். டோலுடெக்ராவிர் அதோடு சேர்ந்தால் உடம்பில் சேராது. கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதே தொந்தரவு உண்டு. ஜெல்லுசில் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மாத்திரையைப் போடுங்கள், அல்லது குடித்து ஆறு மணி நேரம் கழித்து. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் இன்னொரு வேளையும் தேவைப்படும், அதனால் இரண்டு மருந்தையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.